பிடோக் நீர்த்தேக்கச் சுற்றுப்பாதை: சிங்கப்பூர் நீர்வரலாற்றில் ஓர் ஆய்வு

சிங்கப்பூர்த் தீவின் கிழக்குப் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கிய பிடோக், தெம்பனிஸ் என்னும் இரு நகரியங்களை அடுத்துப் பிடோக் நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. அதன் கரையை ஒட்டிச் செல்லும் பாதையொன்று நீர்ப்பரப்பு முழுவதையும் வளைந்து, தொடங்கிய இடத்திற்கே மீளுகின்றது. நீளம் ஏறத்தாழ 4.3 கிலோமீட்டர். மேடுபள்ளம் மிகுதியும் இல்லாத பாதை அது. மிதிவண்டி பழகத் தொடங்கிய சிறுவரும், மூட்டு நோவுடைய முதியோரும் இளைப்பின்றி ஒரு சுற்று வரலாம். சற்று விரைந்து மிதிப்பார்க்குக் கால்மணி நேரம் போதும். ஒருபால் நீர், ஒருபால் மரநிரல், மரங்கட்கு அப்பால் வீட்டு அடுக்குகள். காலையும் மாலையும் நடப்போரும் ஓடுவோரும் மிதிவண்டியில் வருவோரும் அங்குக் குறைவதில்லை.

இத்தகையதொரு பொழுதுபோக்குப் பாதைக்கு வரலாறு உண்டோ என வினவுவார் உளராகலாம். உண்டு என்பதும், அது பூங்காக்கலையின் வரலாறு அன்று, குடிநீரின் வரலாறே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சிங்கப்பூரின் பசுமை பற்றி எழுதுவோருட் பலர் இப்பாதைகளை நகரழகின் ஒரு கூறாகவே கொண்டு, மரம் நடுதலோடு இவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகின்றனர். 1963இல் தொடங்கிய மரம் நடு இயக்கமும், 1967இல் அறிவிக்கப்பட்ட தோட்ட நகரக் கொள்கையும் அவர்கட்குச் சான்றாகின்றன. அவர் கூற்று முற்றும் பிழையன்று. ஆயின், அழகு ஒன்றே காரணமெனின் விளங்காத முரண் ஒன்று உளது. இதே தீவின் நடுவண் உள்ள மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டுப் பாதைகளில் நடப்பார்க்கு இடமுண்டு, மிதிவண்டிக்கு இடமில்லை. பிடோக்கிலோ மிதிவண்டி வரவேற்கப்படுகின்றது. இரண்டும் குடிநீர், இரண்டும் ஒரே கழகத்தின் காவலில் உள்ளவை. மெக்ரிட்சியின் அணை முற்றுப்பெற்றது 1868இல். பிடோக் நிறைந்தது 1986இல். இடைப்பட்ட காலத்தில் நீருக்கும் மக்களுக்கும் இடையே எது மாறியது என்பதே வினா.

முதற்கண் பழைய நெறியைக் காண்போம். 1819இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் இத்தீவில் வணிகத்தலம் நிறுவிய பின்னர், நகரத்தார் நெடுங்காலம் கிணறுகளையும் சிற்றோடைகளையுமே நம்பி வாழ்ந்தனர். நீர் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டது. சீனர் குடியிருப்பின் ஒரு பகுதி இன்றும் மலாய் மொழியில் ‘கிரேத்தா ஆயர்’, அதாவது நீர்வண்டி, என வழங்குவதும், சீனர் அதனை ‘மாட்டுவண்டி நீர்’ எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவதும் அக்காலத்தின் எச்சங்கள். குழாய்நீர் வந்து வண்டி மறைந்தது, பெயர் மறையவில்லை. இடப்பெயர் ஆராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இது வியப்பன்று.

1852இல் அரசு நிலவளவையாளர் சான் தெர்ன்புல் தாம்சன் நகர்க்கு நீர் கொணரும் திட்டமொன்றை வரைந்தார். 1857இல் தான் கிம் செங் என்னும் சீன வணிகர் அப்பணிக்கென 13,000 டாலர் வழங்கினார். பணி எளிதில் முற்றுப்பெறவில்லை. கொடையாளர் 1864இல் மறைந்தார். அணை 1868இல் முடிந்தது. பொறிகளும் குழாய்களும் அமைந்து நகரம் நீர் பெறுதற்கு மேலும் பத்தாண்டு அளவில் ஆயிற்று. 1882இல் நகராட்சியார் அவர் நினைவாக ஒரு நீரூற்று எழுப்பினர். நீரைக் காணாது இறந்தவர்க்கு நீராலேயே நினைவுச் சின்னம் அமைந்தது. பின்னர் அணை உயர்த்தப்பட்டது. 1910இல் காலாங் ஆற்றின் மேற்பகுதியில் இரண்டாம் தேக்கமும், 1940ஆம் ஆண்டளவில் சிலேத்தாரில் மூன்றாம் தேக்கமும் எழுந்தன. முதல் இரண்டும் 1922இல் நகராட்சிப் பொறியாளர் இருவரின் பெயரால் மெக்ரிட்சி எனவும் பியர்ஸ் எனவும் பெயர் பெற்றன.

இம்மூன்றும் ஒரு நெறிப்பட்டவை. மழை காட்டில் பெய்யவேண்டும்; காட்டில் குடியிருப்பார் எவரும் இருத்தல் ஆகாது; இலைச்சருகும் வேரும் வடித்துத் தந்த நீர் அணையில் தங்கவேண்டும். நீரின் தூய்மை மனிதர் இன்மையால் காக்கப்பட்டது என்று சுருங்கக் கூறலாம். தீவின் நடுவே இன்றும் எஞ்சியுள்ள காடு பெரிதும் இந்நெறியின் பயனே. காட்டுக்காக நீர் காக்கப்படவில்லை. நீருக்காகவே காடு காக்கப்பட்டது. இயற்கைக் காப்பகம் என்னும் பெயரும் மதிப்பும் பின்னர் வந்து சேர்ந்தவை.

இந்நெறிக்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாட்டில் நீர் முடை நேர்வது ஏன் என்பார்க்கு விடை, மழை இல்லாமையன்று, மழையை ஏந்த இடமில்லாமை என்பதே. காடு சிறிது, நகரம் வளர்ந்தது. 1927இல் ஜோகூரோடு உடன்படிக்கை செய்து, 1932 முதல் கடற்பாலத்தின் வழியே குழாயில் நீர் வந்தது. 1942 சனவரி 31இல் பின்வாங்கிய படையினர் அப்பாலத்தைத் தகர்த்தபோது அக்குழாயும் அறுந்தது. பெப்ரவரித் திங்களில் தீவின் தேக்கங்கள் சப்பானியர் வசமாயின. குண்டுவீச்சால் நகரக் குழாய்கள் உடைந்து நீர் வீணே ஒழுகியது. பெப்ரவரி 15இல் நிகழ்ந்த சரணடைவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் நீர்முடையும் ஒன்று. போருக்குப் பின் 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் புதிய உடன்படிக்கைகள் எழுந்தன. 1963 ஏப்ரல் முதல் 1964 பெப்ரவரி வரை வறட்சியால் நீர்ப்பங்கீடு நடைபெற்றது. 1965இல் தனிநாடானபோது, பிறர் நிலத்து நீரை நம்பியிருத்தலின் இடர் ஆள்வோர் உள்ளத்தை விட்டு அகலாததாயிற்று. 1971இல் நீர்த்திட்டப் பிரிவொன்று அமைந்தது. அடுத்த ஆண்டில் பெருந்திட்டம் வரையப்பட்டது.

அத்திட்டத்தின் முதற்படி ஆற்று முகங்களை அடைத்தலாகும். 1975இல் பாண்டான், கிராஞ்சித் தேக்கங்கள் இவ்வாறு எழுந்தன. கடலோடு கலக்கும் இடத்தில் ஆற்றை அணையிட்டால், அதன் வடிநிலம் முழுவதும் நீர்ப்பிடிப்பு ஆகும். அவ்வடிநிலத்தில் காடு மட்டுமா இருந்தது? கம்பங்களும் பன்றிப் பண்ணைகளும் பட்டறைகளும் இருந்தன. (மலாய்ச் சொல்லாகிய ‘கம்போங்’ சிங்கப்பூர்த் தமிழில் ‘கம்பம்’ என வழங்கும், சிராங்கூன் சாலைப் பக்கத்துச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்னும் பழம்பெயர் அதற்குச் சான்று.) ஆகவே மனிதர் வாழும் நிலத்தின் மழையைப் பருகுதல் எங்ஙனம் என்னும் வினா அப்பொழுதே எழுந்துவிட்டது.

இவ்வினாவின் முழு வடிவம் பிடோக்கிலேதான் தோன்றுகின்றது. அதனைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும்.

பிடோக் என்பது பழம்பெயர். 1604இல் போர்த்துகீசியர் வழிவந்த கொதின்யோ த எரேடியா வரைந்த நிலப்படத்தில் ‘சுனெபோதோ’ என ஒரு பெயர் காணப்படுகின்றது. அது ‘சுங்கை பிடோக்’, அதாவது பிடோக் ஆறு, என்பதன் திரிபாம் எனக் கொள்வர். தொழுகைக்கு அழைக்க முழக்கும் பெருமுரசைக் குறிக்கும் மலாய்ச் சொல்லினின்று இப்பெயர் வந்தது என்பார் ஒருசாரார். சிறு படகைக் குறிக்கும் ‘பிடுக்’ என்னும் சொல்லினின்று வந்தது என்பார் பிறிதொரு சாரார். எது மெய்யாயினும், முந்நூறு ஆண்டுக்கு மேலாக அப்பெயர் ஓர் ஓடைக்கும் அதன் கரையிலிருந்த குடியிருப்பிற்கும் உரியதாய் இருந்தது, நீர்த்தேக்கத்திற்கு உரியதாகவில்லை. ஏனெனில் இன்று தேக்கம் உள்ள இடத்தில் அன்று நீர் இல்லை.

1966இல் கிழக்குக் கடற்கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி தொடங்கியது. இருபதாண்டுக்காலம் கட்டங்கட்டமாக நடைபெற்ற அப்பணியால் 1,525 ஹெக்டேர் நிலம் உண்டாயிற்று. அதற்கு வேண்டிய மண் பிடோக், தெம்பனிஸ் பகுதிகளின் குன்றுகளை வெட்டி எடுக்கப்பட்டது. நகரும் பட்டைகள் அதனைக் கடற்கரைக்குச் சுமந்து சென்றன. குன்றுகள் மட்டமான இடத்தில் 1973 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் பிடோக் நகரியத்தை எழுப்பினர். மணல் அகழ்ந்த இடம் பெரும் பள்ளமாக எஞ்சியது. கடலாயிருந்தது நிலமாக, நிலமாயிருந்தது குழியாயிற்று. அக்குழியே பின்னர் 88 ஹெக்டேர் பரப்பும், 128 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவும் உடைய நீர்த்தேக்கமாக மாற்றப்பட்டது.

இங்கு ஓர் உண்மையை ஊன்றி நோக்குக. மெக்ரிட்சிக்குக் காட்டோடைகள் உண்டு. கிராஞ்சிக்கு ஆறு உண்டு. பிடோக் குழிக்கோ அதனை நிரப்பத்தக்க ஆறு என்று ஒன்று இல்லை. அகழிடத்தை நிரப்புதற்கு நீர் எங்கிருந்து வரும்? சுற்றியுள்ள நகரியங்களின் கூரைகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் வண்டி நிறுத்தும் வெளிகளிலிருந்தும் வரும் என்பதே பொறியாளர் கண்ட விடை. சிலேத்தார் ஆற்று முகத்தை அடைத்ததும் பிடோக் குழியை நிரப்பியதும் ஒரே திட்டத்தின் இரு கூறுகள். அத்திட்டத்தின் புதுமை, நகரியங்களில் பெய்யும் மழையைச் சேர்த்துத் தேக்கத்திற்கு அனுப்பும் ஒன்பது மழைநீர்ச் சேகரிப்பு நிலையங்கள். மழைநீர் வடிகாலின் வழியே அந்நிலையங்களை அடைந்து, அங்கிருந்து எக்கிகளால் தேக்கத்திற்கு ஏற்றப்படும். திட்டம் 1986இல் முற்றுப்பெற்றது.

இஃது இயலுதற்கு முதற்றேவை கழிவுநீரும் மழைநீரும் தனித்தனியே ஓடுதல். சிங்கப்பூரில் சாக்கடைக் குழாய் மண்ணினடியில் செல்கின்றது, மழைநீர் வடிகால் வேறாகச் செல்கின்றது, இரண்டும் கலப்பதில்லை. உலகின் பழைய பெருநகரங்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே குழாயில் ஓடுதலை நோக்க, இப்பிரிவின் அருமை புலனாகும். கழிவை வாளியில் அள்ளிச் செல்லும் முறை இத்தீவில் முற்றும் ஒழிந்தது 1987இல். பிடோக் தேக்கம் முடிந்து ஓராண்டு கழித்தே என்பதை ஆராய்வோர் மறத்தலாகாது. பிற்காலத்து மினுமினுப்பைக் கொண்டு 1986ஐ அளந்துவிடுதல் எளிது.

ஆள்வோரும் அன்று அஞ்சியே இருந்தனர் என்பதற்குத் தக்க சான்று உண்டு. 1983இல் வகுக்கப்பட்ட நீர்ப்பிடிப்புக் கொள்கை, காட்டுக் காவல் இல்லாத நீர்ப்பிடிப்பு நிலத்தில் நகரமாக மாறத்தக்க பங்கு 2005ஆம் ஆண்டு வரை 34.1 விழுக்காட்டைக் கடத்தலாகாது என வரையறுத்தது. குடியிருப்பு நெருக்கம் ஹெக்டேர் ஒன்றுக்கு 198 வீடுகளுக்கு மேற்படலாகாது எனவும் விதித்தது. நகரத்து மழையைப் பருகத் துணிந்து குழியை ஆயத்தம் செய்த அதே ஆண்டுகளில், நகரம் மிகுதலாகாது என்னும் அச்சமும் அரசிடம் இருந்தது. இவ்விரு வரம்புகளும் 1999இல் நீக்கப்பட்டன. மாசினைத் தோன்றும் இடத்திலேயே தடுக்கும் முறைகளும், நீரைத் தூய்மை செய்யும் பொறிநுட்பமும் போதிய அளவு வளர்ந்தன என்பது கூறப்பட்ட காரணம். என் கருத்தில், நம் வினாவிற்குரிய திருப்பம் 1986 அன்று; 1983க்கும் 1999க்கும் இடைப்பட்ட இப்பதினாறு ஆண்டுகளே. அவ்விடைவெளியில்தான் வேலி இடம்பெயர்ந்தது. முன்பு தேக்கத்தைச் சுற்றி இருந்த காவல் அணு அணுவாக வீட்டு வாயிலுக்கும் பட்டறை வாயிலுக்கும் வடிகாலின் விளிம்பிற்கும் நகர்ந்தது.

அந்நகர்வின் செலவை யார் ஏற்றனர் என்பதையும் வரலாறு எழுதுவோர் கூறவேண்டும். 1977 பெப்ரவரியில் மேற்பியர்ஸ் தேக்கத்தின் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளுள் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் மீன் பிடிக்கத்தக்க தூய்மை அடைதல் வேண்டுமென இலக்கு வைத்தார். 1987இல் அப்பணி நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் அவ்விரு வடிநிலங்களிலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவில் உணவு விற்றோர் கூரையிட்ட அங்காடிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1984இல் தீவெங்கும் பன்றி வளர்ப்பையே ஒழிப்பதென முடிவாயிற்று. இவை பிடோக் வடிநிலத்தின் கணக்கல்ல. ஆயினும் ஒரே கொள்கையின் கூறுகள். பெயர்ந்தோர் பலர்க்கு நல்ல வீடும் மின்விளக்கும் குழாய்நீரும் கிடைத்தன. கம்பத்து வாழ்வின் தொழிலும் தோட்டமும் அண்டையயல் உறவும் போயின. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதும் நூல்களே மிகுதி. பண்ணையை இழந்தவன் மகன் இன்று அக்கரையில் மிதிவண்டி ஓட்டுதலும் கூடும். அவன் தந்தையின் நினைவைக் கேட்டெழுதும் பணி, அத்தலைமுறை மறையுமுன் செய்தற்குரியது. தமிழ்க்குடும்பங்களின் கம்பத்து நினைவுகளைத் தமிழிலேயே திரட்டுதல் நம்மனோர் கடமையாகவும் இருக்கும்.

இனிப் பாதைக்கு வருவோம். நீர்க்கரைப் பாதை தனித்து நிற்பதன்று. தீவெங்கும் பரந்த பூங்கா இணைப்புப் பாதைகளின் ஒரு கண்ணி. பூங்காக்களைப் பசும்பாதைகளால் இணைக்கும் திட்டம் 1990களின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டது. நிலம் அரிதான நாட்டில் இதற்கு இடம் எங்கே கிடைத்தது? வடிகால்களின் ஓரத்தில். கால்வாய்களைத் தூர்வாரவும் பழுது பார்க்கவும் வண்டிகள் சென்றுவர வேண்டுமென இருமருங்கும் ஒதுக்கப்பட்ட நிலம் உண்டு. பெரும்பாலான நாள்களில் அது வெறுமையாய்க் கிடக்கும். அந்நிலத்தில் தளமிட்டு, ஓரத்தில் மரம் நட்டு, பாதையாக்கினர். முதன்முதல் அமைந்தவற்றுள் காலாங் ஆற்றை ஒட்டிப் பீஷானுக்கும் காலாங் கழிமுகத்துக்கும் இடையே சென்றது குறிப்பிடத்தக்கது. மழைநீர் செல்லும் வழியே மிதிவண்டி செல்லும் வழியாயிற்று என்பது உவமையன்று. நில ஆவணங்களில் காணத்தக்க உண்மை. பூங்காக்கலை வரலாற்றாசிரியர் பலர் இதனை ஒரு வசதியான தற்செயலாகவே கூறிச் செல்வர். தற்செயல் எனக் கொள்வதற்கில்லை என்பதே என் எண்ணம். வடிகால் குடிநீர்க் காலாக மாறிய பின்னரே அதன் கரை மக்கள் காணத்தக்க இடமாயிற்று. சாக்கடை நாறிய காலத்தில் அதன் ஓரத்தில் உலாவ எவரும் விரும்பியிரார்.

2007 திசம்பரில் கிழக்குக் கரைச் சுற்று என்னும் 42 கிலோமீட்டர்ப் பாதை திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைப் பூங்கா, சாங்கிக் கடற்கரை, பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் நீர்த்தேக்கம் ஆகியவற்றை அது ஒன்றாகக் கோக்கின்றது. இதில் ஒரு நயம் உண்டு. தேக்கக் கரையிலிருந்து புறப்பட்டுக் கடற்கரைப் பூங்காவை அடையும் மிதிவண்டியாளர், மணல் எடுத்த குழியிலிருந்து மணல் கொட்டிய நிலத்திற்கே செல்கின்றார். அன்று நகரும் பட்டைகள் பல்லாண்டு சுமந்த தொலைவை அவர் அரைமணி நேரத்தில் கடந்துவிடுவார். 2015ஆம் ஆண்டளவில் இணைப்புப் பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரை எட்டியது.

2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய நீர்நிலைத் திட்டம், செயல், எழில், தூய்மை ஆகிய மூன்றன் ஆங்கில முதலெழுத்துகளைத் தன் பெயராகக் கொண்டது. கால்வாய்களையும் தேக்கங்களையும் மக்கள் அணுகும் இடங்களாக்கினால், அவர் அவற்றைத் தம் உடைமையாகக் கருதி மாசுபடுத்தாது காப்பர் என்பது அதன் அடிப்படை. 2012இல் பீஷான் – அங் மோ கியோப் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள கற்காரைக் கால்வாய் உடைக்கப்பட்டு, 3.2 கிலோமீட்டர் நீளத்தில் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டமை இதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. வேலியால் காக்கப்பட்ட நீர் இனிக் கண்ணால் காக்கப்படவேண்டும் என்பதே கருத்து. வீட்டுக் கூரையிலிருந்து தேக்கத்திற்கு நேரே வழி உள்ளதாயின், வீட்டில் வாழ்வோரை விலக்கி நீரைக் காக்க இயலாது. அவர்களையே காவலராக்குதல் வேண்டும். பிடோக்கின் சுற்றுப்பாதை இவ்வரசியல் நெறியின் தரைவடிவம். பாதையைப் பொதுவில் வழங்கிய அரசு அதன் ஒழுங்கையும் விதித்தது. பகிர்ந்து பயன்படுத்தும் இப்பாதைகளில் மிதிவண்டி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது விதி, நடப்பார்க்கே முதலிடம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மெக்ரிட்சியில் பொதுமக்கட்குரிய பூங்கா 1967இலேயே திறக்கப்பட்டதன்றோ? மக்களைத் தேக்கத்தின் அருகே விடுதல் புதிது எனல் பொருந்துமோ? மறுப்பு தள்ளற்பாலதன்று. ஆயின் அப்பூங்கா 12 ஹெக்டேர் அளவினது. அணையை ஒட்டிய ஒரு மூலையில், காட்டுக்கு வெளியே அமைந்தது. அங்கு வந்தோர் விருந்தினர்; நீரைத் தந்த நிலம் அவருடையதன்று. பிடோக் கரையில் மாலையில் மிதிவண்டி ஓட்டுவார் அந்நீரைத் தந்த கூரையின்கீழ் உறங்குவார். வேறுபாடு பூங்காவின் அளவில் இல்லை. மழை பெய்த இடத்தில் உள்ளது.

சொல்லாராய்ச்சி பற்றியும் ஒரு குறிப்புக் கூறுதல் நம் ஏட்டின் இயல்புக்கு ஏற்றதாகும். தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகிய சிங்கப்பூரில் இதற்கு வழங்கும் சொல் ‘நீர்த்தேக்கம்’. தேங்கு என்னும் தன்வினையின் பிறவினை தேக்கு. அதனடியாய்ப் பிறந்தது தேக்கம். ஒருவர் முயன்று நிறுத்திய நீர் என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. மணற்குழிக்கு அது மிகப் பொருந்துவதே. ‘ஏரி’ என்னலாகாதோ எனச் சிலர் வினவுவர். ஏரி பெரிதும் பாசனத்துக்கு உரியது. மடையும் மதகும் கலிங்கும் அதன் உறுப்புகள். பிடோக்கு நீர் எவ்வயலுக்கும் பாய்வதில்லை. பொருளால் நெருங்கிய பழஞ்சொல் ‘ஊருணி’ ஆகும். ஊரார் உண்ணும் நீர்நிலை என்னும் பொருளுடைய அச்சொல் திருக்குறளிலும் பயில்வது. பாண்டிநாட்டுச் சிற்றூர்களில் ஊருணியில் குளித்தலும் துணி துவைத்தலும் கால் கழுவுதலும் விலக்கு. ஊராரே அதற்குக் காவல். ஊர் நடுவிலும் ஊர் அருகிலும் இருந்தே தூய்மையுடன் நின்ற நீர்நிலை அது. இவ்வொப்புமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று எனக் கூறுவார் உளராயின், அவர் கூற்றுக்குச் சான்றில்லை. பிடோக்கை ஆக்கியது ஊர் வழக்கம் அன்று. அரசின் திட்டமும் எக்கியும் சட்டமும். ஊருணியின் காவல் ஊராரிடமிருந்து பிறந்தது. பிடோக்கின் காவல் மேலிருந்து ஊரார்க்குக் கற்பிக்கப்பட்டது. ஒப்புமையைவிட இவ்வேற்றுமையே ஆராய்தற்கு உரியது.

பிடோக்கில் கண்ட நெறி பின்னர்ப் பேரளவில் பின்பற்றப்பட்டது. 2008 அக்டோபர் 31இல் மரினாக் கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளமுள்ள தடுப்பணை திறக்கப்பட்டது. தீவின் ஆறில் ஒரு பங்காகிய 10,000 ஹெக்டேர் நகர நிலத்தின் மழை அதனுள் சேருகின்றது. வங்கிகளும் அலுவலகங்களும் செறிந்த நகர்நடுவே குடிநீர்த் தேக்கம். அதைச் சுற்றியும் நடைவழி, மிதிவண்டி வழி. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை 2011இல் காலம் முடிந்து நீட்டிக்கப்படாது விடப்பட்டது. 1962ஆம் ஆண்டினது 2061 வரை உளது. அதே 2011இல் பொங்கோல், சிராங்கூன் தேக்கங்கள் தொடங்கி வைக்கப்பட, தீவின் தேக்கங்கள் பதினேழாயின. நாட்டு நிலத்தில் மூன்றில் இரு பங்கு நீர்ப்பிடிப்பாயிற்று. பொங்கோலில் நீரும் அதன் கரைப்பாதையும் ஒரே நகரத்திட்டத்தில் ஒருங்கே வரையப்பட்டவை.